‘குடும்ப விஷயத்தில் தலையிடாதே’ என்ற தீர்மானத்தை வாபஸ் வாங்குங்கள்: ஏரிக்கரையில் கடை போட்டிருக்கும் நம் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் அண்ணன், செயலாளர், பொருளாளர், அப்புறம் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் கடை போட்டிருக்கிற, குதிரை விடுகிற, சைக்கிள் வாடகைக்குக் கொடுக்கிற, வேன் ஓட்டுகிற எல்லோருக்கும்,

போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டீர்கள். சுற்றுலா வருகிறவர்களின் குடும்ப விஷயத்தில் உறுப்பினர்கள் யாரும் தலையிடக் கூடாது, மீறித் தலையிட்டால் அவர்களுக்குக் கடை போட இடம் தருவதைப் பற்றிச் சங்கம் யோசிக்க வேண்டிவரும் என்று. அதில் யார் பெயரும் இல்லை. ஆனால் அது எனக்காகப் போட்டது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குச் சம்மதம் இல்லை என்று அங்கேயே எழுந்து சொன்னேன். மினிட்ஸ் புத்தகத்தில் அதை எழுதவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள்.

மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம். மதியத்துக்கு மேல், மஞ்சு இறங்கிக்கொண்டிருந்த நேரம். பழனியில் மொட்டை போட்டுவிட்டு அப்படியே மலையேறி வந்த குடும்பம். பையனுக்கு ஆறு ஏழு வயது இருக்கும், தலையில் பூசிய சந்தனம் குரங்குக் குல்லாவின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது, புதுசாக வாங்கின ஸ்வெட்டரில் விலைச் சீட்டைக்கூட இன்னும் பிய்க்கவில்லை. குதிரையில் ஒரு சுற்று போய் வந்தவன் இறங்க மாட்டேன் என்றான். அப்பா தூக்கி இறக்கிவிட்டார். பையன் ரோட்டிலேயே விழுந்து புரண்டான். இதற்கு அடுத்து நடந்ததைத்தான் கூட்டத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த மனிதர் உடனே கை ஓங்கவில்லை. நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். சைக்கிள் வரிசையைப் பார்த்தார், பஞ்சுமிட்டாய்க்காரரைப் பார்த்தார், என் சோள அடுப்புப் பக்கம் பார்த்தார், நாம் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படிப் பார்த்துவிட்டுத்தான் முதல் அடியைப் போட்டார், உடனே இன்னொன்று. "நல்லா ரெண்டு போடுங்க சார், அப்பத்தான் அடங்குவான்" என்று நம் வரிசையிலிருந்தே ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். மூன்றாவது அடி அந்தச் சிரிப்புக்கு அப்புறம் விழுந்தது, குல்லா கழன்று கிடந்த மொட்டைத் தலையில், முதல் இரண்டையும் விடப் பலமாக.

நான் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டேன். "உக்காருங்க சார், புள்ளைக்குப் பசி போல" என்றேன். அவர் கைக்கும் பையனுக்கும் நடுவில் நின்றேன். அவ்வளவுதான். கத்தவில்லை, போனில் படம் எடுக்கவில்லை, போலீஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "என் புள்ளை, நான் அடிப்பேன், நீ யாரு கேக்கறதுக்கு?" என்று சொல்லிவிட்டுப் பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். கூட வந்த குடும்பங்களும் போயின, அவர்கள் பேசி வைத்திருந்த குதிரைச் சவாரியும் போனது. அன்று சாயங்காலமே என் மேல் புகார். வியாபாரம் கெட்டது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் தலையிடக் கூடாது என்று தீர்மானம் போடுகிறவர்கள், தலையிடாமல் இருக்கிறவர்களாக இருக்க வேண்டும். நாம் அப்படி இல்லை. அந்த அப்பா நம்மைப் பார்த்துவிட்டு அடித்தார். பிள்ளை வளர்க்கத் தெரியாத ஆள் என்று இவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. பல வருஷமாக இந்த அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆஃப் சீசனில், மழையில் ஏரிச் சாலையே வெறிச்சோடிக் கிடக்கும்போது வருகிற குடும்பங்களில் பிள்ளை அடம் பிடித்தால் அம்மாவோ அப்பாவோ கொஞ்ச நேரம் பேசிப் பார்க்கிறார்கள், தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடக்கிறார்கள், ஏரியைக் காட்டுகிறார்கள். அதே அடம் மே மாதக் கூட்டத்துக்கு நடுவில் வந்தால் எடுத்த எடுப்பில் கை ஓங்குகிறது. பிள்ளைகள் மாறவில்லை. பார்க்கிற கண்கள்தான் கூடியிருக்கின்றன. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பயந்து அடிக்கிறார்களே, அந்த நாலு பேர் நாம்தான். நாம் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்த அடியில் நமக்குப் பங்கு வந்துவிடுகிறது, அதற்கு மேல் "ரெண்டு போடுங்க" என்று வேறு சொல்கிறோம். அடிக்கச் சொல்வது தலையிடுவது இல்லை, ஸ்டூல் போடுவது தலையிடுவது என்றால் அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியவர் "முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்" என்றார், எல்லோரும் தலையாட்டினீர்கள். அவர் வயதுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன், அந்தப் பேச்சுக்குத் தலையாட்ட மாட்டேன். என் மகள் பி.எட். படிக்கிறாள், ராத்திரி அவள் சத்தம் போட்டுப் படிப்பதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் பாதி பாடம் வந்துவிட்டது. ஸ்கின்னர் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர். பெட்டிக்குள் எலியை விட்டு, ஒரு நெம்புகோலை அழுத்தினால் தீனி விழும் என்று பழக்கினார். அப்புறம் தீனியை நிறுத்தினார். சில எலிகளுக்கு மட்டும், தீனி நின்ற பிறகும் அழுத்தினால் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் பாதத்தில் ஒரு தட்டு விழுகிற மாதிரி வைத்தார். தட்டு வாங்கிய எலி சட்டென்று அடங்கியது. தட்டு நின்றதும் மறுபடி அழுத்த ஆரம்பித்துவிட்டது, கடைசியில் எண்ணிப் பார்த்தால் தட்டே வாங்காத எலி எத்தனை தடவை அழுத்தியதோ கிட்டத்தட்ட அத்தனை தடவை இதுவும் அழுத்தியிருந்தது. இதை அவர் எழுதியது 1938-இல். அந்த அடி எலியிடமிருந்து எதையும் எடுத்துவிடவில்லை, கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டது. நம் ஏரிக்கரையிலும் அதுதான் நடக்கிறது, ரெண்டு நாள் ரூம் போட்டுத் தங்குகிற குடும்பத்துப் பிள்ளை முதல் நாள் அடி வாங்கிய அதே இடத்தில், அதே குதிரைக்கு, மறுநாளும் அழுவதைக் குதிரைக்காரத் தம்பிகள் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்?

எலி வேறு பிள்ளை வேறு என்பீர்கள். சரி. 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அதுவரை நடந்த ஆய்வுகளில் 75-ஐ எடுத்து, சுமார் 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ரத்தம் வருகிற அடியைப் பற்றி இல்லை, திறந்த கையால் பின்பக்கத்திலும் கை காலிலும் போடுகிறார்களே, எல்லோரும் சாதாரணம் என்று நினைக்கிற அந்த அடியைப் பற்றி. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்பதற்கு அது உதவியதாக அவர்களுக்குத் தெரியவில்லை. அதிகம் அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனக் கஷ்டமும் கூடுதலாக இருந்தன, பெற்றோரோடு ஒட்டுதல் குறைந்திருந்தது. 1961-இல் பந்தூரா என்பவர் செய்து பார்த்தது இன்னொன்று. பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடித்து உதைப்பதைப் பார்த்த சின்னப் பிள்ளைகள், தங்களை அந்தப் பொம்மையோடு விட்டதும் அதே மாதிரி அடித்தார்கள். நாமும்தான் பார்க்கிறோம். அப்பாவிடம் அறை வாங்கிய அண்ணன்காரன் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாரும் கவனிக்காத நேரம் பார்த்துக் குதிரைக்கு அந்தப் பக்கம் போய்த் தங்கச்சியை நறுக்கென்று கிள்ளுவான்.

அடியை விட அதிகமாக நடக்கிற இன்னொன்று இருக்கிறது, அதில் நம் கை நேராகவே இருக்கிறது. இதைச் சொன்னால் உங்களில் சிலருக்குக் கோபம் வரும், வந்தாலும் சொல்கிறேன். சோப்புக் குமிழி விடுகிற துப்பாக்கி விற்கிறோமே, எப்படி விற்கிறோம்? ஒரு அம்மா குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள். குழந்தை துப்பாக்கியைப் பார்த்து நிற்கிறது. "வேண்டாம்டா, காலையிலதான் பலூன் வாங்கினோம்" என்கிறாள் அம்மா. குழந்தை லேசாக முனகுகிறது. அந்தச் சமயம் பார்த்து நம் ஆள் துப்பாக்கியைக் குழந்தையின் முகத்துக்கு நேராக நீட்டி விசையை அழுத்துகிறார். குமிழி கன்னத்தில் பட்டு உடைகிறது, ஒன்று இமை மேலேயே உட்காருகிறது. அம்மா மறுபடியும் வேண்டாம் என்கிறாள். அவர் அம்மாவைப் பார்ப்பதே இல்லை, குழந்தையை மட்டும் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்துகிறார். முனகல் அழுகையாகிறது, அழுகை அலறலாகிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், அம்மா பர்ஸைத் திறக்கிறாள். துப்பாக்கி கைக்கு வந்ததும் அலறல் சட்டென்று நிற்கிறது.

அந்த நிமிஷத்தில் மூன்று பேர் பாடம் படிக்கிறார்கள். முனகினால் கிடைக்காது, அலறினால் கிடைக்கும் என்று குழந்தை படிக்கிறது. வாங்கிக் கொடுத்தால் தலைவலி நிற்கும் என்று அம்மா படிக்கிறாள். அலற வைத்தால் விற்கும் என்று நம் ஆள் படிக்கிறார். மூன்று பேருக்கும் கைமேல் பலன் கிடைத்துவிடுவதால் அடுத்த தடவை மூன்று பேரும் இதையே செய்வார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கு வலுவூட்டல் என்று பெயர். அம்மாவும் பிள்ளையும் இப்படி ஒருவரை ஒருவர் பழக்குவதை ஜெரால்ட் பேட்டர்சன் என்ற ஆய்வாளர் பல குடும்பங்களைக் கவனித்து எழுதியிருக்கிறார். இதில் இன்னும் மோசம் எது தெரியுமா? அம்மா அஞ்சு தடவை மறுத்துவிட்டு ஆறாவது தடவை கொடுப்பது. எப்போதாவது கிடைக்கிற பலன்தான் பழக்கத்தை விடாப்பிடியாக்கும் என்று அந்த ஸ்கின்னரே சொல்கிறார். ஐந்து தடவை மறுத்த அம்மா பிள்ளையைக் கண்டிப்பாக வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், பிள்ளை கற்றுக்கொண்டது விடாமல் அழ வேண்டும் என்பதை.

இன்னொன்றும் என் மகள் படித்துக் காட்டினாள், இதை நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும். அழுதால் கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று இனிமேல் கிடைக்காது என்று பெற்றோர் உறுதியாக நின்றால் அழுகை உடனே குறையாமல் போகலாம். முதலில் கூடவும் செய்யலாம். உச்சத்துக்குப் போய், அதற்கப்புறம்தான் இறங்கும். அந்த உச்சத்தைத் தாண்டுகிற வரைக்கும், கொஞ்ச நேரம், அம்மா கையை ஓங்காமலும் பர்ஸைத் திறக்காமலும் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் எடுத்தது சரியான முடிவு, ஆனால் வெளியிலிருந்து பார்க்க அந்தக் கொஞ்ச நேரம் கண்றாவியாக இருக்கும். அந்த நேரத்தில் நம்மிடமிருந்து அவளுக்கு என்ன கிடைக்கிறது? முகத்துக்கு நேரே துப்பாக்கி. "பாவம் புள்ளை, இவ்வளவு தூரம் வந்துட்டு வாங்கிக் குடுங்கம்மா" என்று ஒரு அக்கா. "என்னம்மா இப்படிக் கத்த விடுறீங்க" என்று ஒரு அண்ணன். அவள் தாங்க மாட்டாமல் வாங்கிக் கொடுக்கிறாள், இல்லாவிட்டால் அடிக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள், அதை நாம் அடைத்துவிட்டோம்.

வேறு மாதிரி நடந்ததையும் பார்த்திருக்கிறேன். தேனிப் பக்கமிருந்து ஒரு பாட்டி, ரெண்டு பேரப் பிள்ளைகளோடு. குதிரை ஏறுவதற்கு முன்னாலேயே குந்தி உட்கார்ந்து ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார், "ஒரு சுத்துதான். இறங்கச் சொன்னா இறங்கிரணும். இறங்கிட்டீங்கன்னா சோளத்துக்கு உப்பும் மிளகாப்பொடியும் நீங்களே தடவலாம்." சுற்று முடிந்து வந்தபோது சின்னவனுக்கு உதடு பிதுங்கிவிட்டது, குதிரையின் பிடரியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். பாட்டி கையை நீட்டியபடி நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவனாகவே பிடரியை விட்டான். விட்ட உடனே பாட்டி, "அழுகை வந்துச்சு, இருந்தாலும் சொன்னபடி இறங்கிட்ட பாத்தியா!" என்றார். நான் உப்பும் மிளகாய்ப்பொடியும் கலந்த தட்டை நீட்டினேன். எலுமிச்சை மூடியை அதில் தொட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, சோளத்தின் ஒவ்வொரு வரிசைக்குள்ளேயும் விட்டுத் தேய்த்தான். முதலில் செய்ய வேண்டியது, அப்புறம் பிடித்தது என்கிற இந்த ஏற்பாட்டை டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டினார், அமெரிக்காவில் அதைப் பாட்டி விதி என்றே சொல்கிறார்களாம். அதே சோளத்தை அவன் கீழே விழுந்து புரண்ட பிறகு வாங்கிக் கொடுத்திருந்தால் அவன் படித்திருக்கக்கூடிய பாடம் வேறு. பாட்டி பிள்ளை செய்த நல்லதைப் பேர் சொல்லிப் பாராட்டினார், அதைச் செய்த கையோடு பாராட்டினார். இவ்வளவு எளிதான காரியம், இந்தக் கூட்டத்தில் எவ்வளவு அபூர்வமாக நடக்கிறது! அலறுகிற தம்பியைச் சுற்றி முழுக் குடும்பமும் நிற்கும், பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக அமைதியாக நிற்கிற அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

வேன் ஓட்டுகிற தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பிள்ளை வர மாட்டேன் என்று நின்றால் "இங்கேயே விட்டுட்டுப் போறோம்" என்பது எல்லாப் பெற்றோரும் சொல்வது. சிலர் அதோடு நிற்காமல் உங்களிடம், "கொஞ்சம் வண்டியை எடுங்க தம்பி, பயப்படட்டும்" என்கிறார்கள். நீங்களும் எடுக்கிறீர்கள். படகுத்துறைக்கு எதிரே நான் கண்ணால் பார்த்தது இது. நாலு வயதுப் பெண் குழந்தை. வேன் இருபதடி நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. மஞ்சுக்குள் பின்விளக்கு மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. குழந்தை ஒரு கால் செருப்போடு ஓடியது, பக்கத்தில் இன்னொரு கார் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, அந்தக் கார்க்காரருக்கு இத்தனை சிறிய உருவம் கண்ணாடியில் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. வேனுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. தூக்கி உள்ளே போட்டபோது குழந்தை அழவில்லை. முன் சீட்டுக் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது. சும்மா விளையாட்டுக்கு என்று பெரியவர்களுக்குத் தெரியும், நாலு வயதுக்குத் தெரியாது. ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தது, அப்பா சொன்னார் என்பது அதற்குப் பதில் ஆகாது.

அப்புறம் இந்தப் பிடித்துக் கொடுக்கிற கதை. "அழுதா இந்தச் சோளக்கார அக்காகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்", "குதிரைக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்", "போலீஸ் மாமா வர்றார் பாரு." நம்மில் சிலர் அதற்கு ஒத்து ஊதி, கண்ணை உருட்டி மிரட்டிக் காட்டுகிறோம். யோசித்துப் பாருங்கள், சீசனில் பிள்ளைகள் கூட்டத்தில் தவறிப் போவது வழக்கம்தான். தவறிப் போன பிள்ளை யாரிடம் வர வேண்டும்? நம்மிடம்தான், இல்லாவிட்டால் போலீஸ்காரரிடம். போன சீசனில் ஒரு குழந்தை, கான்ஸ்டபிள் கிட்டே வர வர, நிறுத்தி வைத்த சைக்கிள்களுக்கு இடையில் புகுந்து புகுந்து ஒளிந்ததை நாம் எல்லோரும்தானே பார்த்தோம்?

பெற்றோரை நான் குறை சொல்லி எழுதவில்லை என்பதும் உங்களுக்குப் புரிய வேண்டும். அந்த மொட்டைப் பையனின் அப்பாவைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. 40 டிகிரியை ஒட்டி வெயில் அடிக்கிற மதுரையிலிருந்து நடுராத்திரி கிளம்பி, பழனியில் மொட்டை போட்டு, அங்கிருந்து மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் குடலைப் பிடுங்கி வாந்தி எடுத்து, பெருமாள்மலையிலிருந்தே வண்டி ஊர்ந்து ஊர்ந்து, 2,100 மீட்டர் உயரத்துக் குளிரில் வந்து இறங்குகிற பிள்ளை அது. காலையில் ஒரு பிஸ்கட்டோடு சரி. தூக்கமும் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை அழுவதில் என்ன அதிசயம்? அந்த அப்பாவும் அதே வண்டியில்தான் வந்தார், வருஷத்துக்கு ஒரு டூர், அதற்காகச் சேர்த்து வைத்த பணம், ஒவ்வொரு இடத்திலும் டிக்கெட், பார்க்கிங். அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது உட்கார ஒரு இடம், பிள்ளைக்கு ஒரு டம்ளர் வெந்நீர், "பரவாயில்லை சார், எல்லாப் புள்ளையும் இப்படித்தான்" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நாம் மட்டும்தான்.

குடும்ப விஷயம் என்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிள்ளையை அடிக்கக் கூடாது, மனசு நோகும்படி நடத்தவும் கூடாது என்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் சொல்கிறது. சிறார் நீதிச் சட்டம், 2015-இல் வந்தது, அதன் 75-ஆவது பிரிவு பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கிறவரே கொடுமை செய்தாலும் குற்றம் என்கிறது, மூன்று வருஷம் வரைக்கும் தண்டனை. பெற்றோர் வீட்டில் அடிப்பதைக்கூட ஸ்வீடன் 1979-லேயே தடை செய்துவிட்டது, பக்கத்து நேபாளம் 2018-இல் செய்தது. யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப நான் இதை எழுதவில்லை, ஒரு அறை போட்ட அப்பாவைப் போலீஸில் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன நன்மை? நடுரோட்டில் ஒரு பிள்ளையை அடிப்பது அந்த வீட்டுக்காரர்களின் சொந்த விஷயம் என்று சட்டமே சொல்லாதபோது நம் சங்கம் ஏன் சொல்கிறது என்றுதான் கேட்கிறேன்.

வியாபாரம் கெடும் என்ற பயம் நியாயமானது, எனக்கும் இந்த அடுப்பை நம்பித்தான் குடும்பம். ஆனால் பிள்ளையை அடித்த குடும்பம் அதற்கு மேல் அங்கே நிற்பதில்லை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேனுக்குத்தான் போகிறது. பிள்ளை அமைதியான குடும்பம் உட்கார்ந்து டீ குடிக்கிறது, இன்னொரு சோளம் கேட்கிறது.

அதனால் கேட்கிறேன். அந்தத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள், ரத்து செய்ததை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள், போன கூட்டத்தில் நான் சொன்ன மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோர் ஒரு தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகு குழந்தையின் முகத்துக்கு நேராகக் குமிழித் துப்பாக்கி அடிப்பதையும், பீப்பி ஊதிக் காட்டுவதையும், பின்னாலேயே நடந்து போவதையும் உறுப்பினர்கள் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுங்கள், பொம்மைகளைக் குழந்தை கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கவிடாமல் மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். குதிரைக்காரத் தம்பிகள் ஏற்றுவதற்கு முன்னாலேயே பிள்ளையிடம் நேராக "ஒரு சுத்து, மரம் வந்ததும் இறங்குறோம்" என்று சொல்லட்டும், சுற்று முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு தடவை ஞாபகப்படுத்தட்டும், இதற்குக் காசு செலவில்லை. எந்தப் பெற்றோர் கேட்டாலும் பிள்ளையை வெளியே விட்டுவிட்டு வண்டியை நகர்த்த மாட்டோம் என்று வேன் ஓட்டுநர்கள் எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும், இதில் மட்டும் எந்தச் சமாதானத்தையும் நான் கேட்கத் தயாராக இல்லை. அடி போடச் சொல்வதும், பிடித்துக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டுவதும் நம் வரிசையில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது.

சந்தாப் பணத்தில் பத்து ஸ்டூலும் ரெண்டு பெரிய பிளாஸ்க்கும் வாங்கி ஏரியைச் சுற்றி வையுங்கள், என் அடுப்பில் வெந்நீர் போட்டு நிரப்பித் தருவது என் பொறுப்பு. தவறிப் போன பிள்ளைகளை எந்தக் கடையில் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்று முடிவு செய்து அங்கே ஒரு போர்டு மாட்டுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எல்லாக் கடையிலும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே ஆபத்து, ரத்தம், பெல்ட், கம்பு என்று வந்தால் அதைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட உறுப்பினரின் கடைக்கு ஒன்றும் ஆகாது என்று சங்கம் உறுதி சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத் தேதியை எனக்குத் தெரியப்படுத்துங்கள். பதிலை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
சோளக் கடைக்காரி,
சங்க உறுப்பினர்